வெள்ளை தெரியும் வரை

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அந்த முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் இருந்தன என்பது நிச்சயம். மரம் வந்து இறங்கியது மழைக்கு முன்பா பின்பா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தது எது, அப்புறம் காதில் விழுந்தது எது என்று இப்போது பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டிலும் ஒரே சாயம் ஏறிவிட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லக்கா பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. அதை மறக்க முடியாதபடி பேசினாள்.

பல்லக்கா என்பது முற்றத்தார் வைத்த பெயர். அவள் பல்செட் செய்பவள். மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நீள அறையில், இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாயை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பாள். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் எங்கோ ஒருவர் சோற்றை மெல்ல முடியாமல் திட்டுவார். "நேர்ல வந்து என்னைத் திட்டினவங்க ஒருத்தருமில்லை. ஆனா தினம் எவனாவது ஒருத்தன் கடிக்கும்போது என்னை நினைச்சுக்கறான்" என்பாள்.

அந்த ஊரில் வருஷத்துக்கு மூன்று மாதம் தண்ணீர்க் குழாய் உறையும். மீதி மாதங்களில் வெயில் அடிக்கும், ஆனால் சுடாது. அப்படிப்பட்ட இடத்தில், முற்றத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருந்த நாலடிப் பாத்தியில், அவள் ஒரு பனையை நட்டாள்.

நாம் பார்க்கிற பனை இல்லை. விசிறி மாதிரி ஓலைதான், ஆனால் மலைச் சரிவில் பனிக்குள் நின்று பழகிய சாதி. தண்டைச் சுற்றிக் கம்பளி போர்த்தினதுபோல நார் அடர்ந்திருக்கும். முழங்கால் உயரத் தண்டும் அதன்மேல் ஏழெட்டு ஓலையுமாக, மினி லாரியில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் கொண்டுவந்து இறக்கினார். இறக்கும்போதே எச்சரித்தார்: "குளிர் இதை ஒண்ணும் பண்ணாதும்மா. ஈரம்தான் எமன். குருத்துக்குள்ள தண்ணி நின்னு உறைஞ்சா அதோட முடிஞ்சது. மேல ஒரு கூரை போடுங்க. ஓலையைச் சேர்த்துக் கட்டி, சணல் சாக்கு சுத்துங்க. மூச்சு விட வழி இருக்கணும்."

எதற்காக இந்த மரம் என்று எல்லாரும் ஒரு காரணம் தேடினார்கள். எதிர்வீட்டில் இருந்த அவள் நாத்தனார், "பொறந்த ஊர் ஞாபகம் வந்துடுச்சு, பாவம்" என்றாள்.

"நான் பொறந்த வீட்டு எதிர்ல கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் அண்ணி இருந்துச்சு. ஞாபகம் வந்தா அதைத்தான் நட்டிருக்கணும்."

பக்கத்து வீட்டுத் தபால்காரர், மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனதால் வீடு வெறிச்சென்று ஆகியிருக்கும் என்று கண்டுபிடித்தார். "அவன் இருந்தப்பவும் வெறிச்சுன்னுதான் இருந்துச்சு. ரூமை விட்டு வெளிய வந்தாத்தானே" என்றாள் பல்லக்கா.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை புல் வெட்ட வரும் தோட்டக்காரரிடம், இங்கே பனை வருமா என்று ஒருநாள் சும்மா கேட்டாள். அவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "இங்க அதெல்லாம் வராதும்மா" என்றார். தலையைத் தூக்கிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாளோ என்னவோ. ஒருவர் ஒன்றை விரும்புவதற்குப் பின்னால் துக்கமோ இழப்போ இருந்தே தீரவேண்டும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? வராது என்று சொன்னார்கள், அவளுக்கு வரவைக்கத் தோன்றியது. அந்த அளவில் அது முழுமையான ஆசை.

முதல் குளிர்காலம் நன்றாகவே தாண்டியது. நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தாள். காலையில் வேலைக்குப் போகுமுன் கையுறையைக் கழற்றிச் சாக்குக்குள் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள். வசந்தம் வந்ததும் சாக்கை அவிழ்த்தாள். மூன்று புது ஓலை வந்தது. தோட்டக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "ஒரு வருஷம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டினார்.

இரண்டாவது குளிர்காலத்தில் பல்லக்காவின் தங்கைக்கு ஆபரேஷன். ஒன்பது நாள் போகவேண்டியதாயிற்று. மரத்தைக் கணவரிடம் ஒப்படைத்தாள்.

அவர் டவுன் பஸ் டிரைவர். அதிகம் பேசாதவர். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதற்கு மேலேயே செய்வார், அதுதான் அவரிடம் ஆபத்து. மூன்றாம் நாள் மழையும் பனியும் சேர்ந்து கொட்டும் என்று ரேடியோவில் கேட்டார். ஈரம்தான் எமன் என்பது அவர் மனதில் பதிந்திருந்தது. மூச்சுவிட வழி வேண்டும் என்பது பதியவில்லை. புது மெத்தை வந்தபோது சுற்றியிருந்த கனத்த பிளாஸ்டிக் உறையை மரத்தின் தலையில் கவிழ்த்து, கழுத்தோடு சேர்த்து டேப்பால் ஆறு சுற்றுச் சுற்றினார். காற்றுகூடப் புகாது என்று கையால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் பளீரென்று வெயில். உறைக்குள் மரம் வேர்த்தது. ராத்திரி அந்த வேர்வை உறைந்தது. பகலில் உருகிக் குருத்துக்குள் இறங்கியது.

பல்லக்கா திரும்பி வந்து, பெட்டியைக் கீழே வைக்காமல் நேராக முற்றத்துக்குப் போனாள். டேப்பை அறுத்ததும் பழைய பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் அடித்தது. நடுக் குருத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்தாள். ஆடுகிற பால்பல் மாதிரி, கொஞ்சமும் முரண்டு பண்ணாமல் அது கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது.

கணவர் பின்னால் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா இறுக்கிக் கட்டினேன்" என்றார்.

அந்த வீட்டில் அதற்கப்புறம் ஒரு வாரம் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. திட்டினால் அவர் அழுதுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மன்னித்தேன் என்று சொன்னால் மரம் செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அதனால் இரண்டையும் சொல்லாமல் இருந்தாள்.

குருத்து போனால் பனை போயிற்று என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மற்ற மரமானால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கு ஒரே உச்சி, ஒரே உயிர். ஆனால் குருத்துக்கும் அடியில், தண்டுக்குள்ளே, குருத்தை உண்டாக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அழுகல் அதுவரை இறங்கியதா இல்லையா என்பது வெளியில் தெரியாது. பல்லக்கா தான் வேலை செய்யும் லேபிலிருந்து, புண்ணைக் கழுவுகிற பெராக்சைடு கொண்டுவந்து, குருத்து இருந்த குழிக்குள் ஊசிக்குழாயால் விட்டாள். நுரை பொங்கியது. பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் குழிக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். இருட்டுதான் தெரிந்தது.

இதற்கிடையில் கமிட்டி கூடியது. ஆறு வீட்டுக்கும் கமிட்டி, அதற்குச் செயலாளர் நாத்தனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி ஓட்டும் பஸ்ஸில் ஏறினாலும் பக்கத்து சீட்டுக்காரரிடம் டிக்கெட் எடுத்தாரா என்று கேட்பாள். முற்றத்தின் விதிப்படி செத்த செடி இருக்கும் பாத்தியைக் கமிட்டி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டிகளுக்கு ஒரு கொட்டகை போட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நியாயம்தான். தொட்டிகள் அப்போது மூலை வீட்டு இரட்டைக் குழந்தைக்காரியின் சன்னலுக்கு நேர்கீழே இருந்தன. சன்னலைத் திறந்தால் குடலைப் புரட்டும்.

"கோடை தொடங்கற முதல் ஞாயிறு வரைக்கும் டைம்" என்றாள் நாத்தனார். "அதுக்குள்ள உயிர் இருக்குன்னு காட்டு. இல்லைன்னா பாத்தி காலி. சொந்தம்னு பார்த்து நான் சலுகை காட்டினேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது."

"உங்களை யாரு சலுகை கேட்டா?" என்றாள் பல்லக்கா.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பனை வளர்ப்பவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இருப்பதிலேயே இளசான ஓலையின் மட்டையையும் அதை ஒட்டிய பழைய மட்டையையும் சேர்த்து, குறுக்கே ஒரே கோடு போடுவார்கள். பழைய மட்டை நகராது. உள்ளே உயிர் இருந்தால் இளசு மேலே ஏறும், கோடு இரண்டாக உடையும். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு என்று அளந்தால் போதும். பல்லக்கா லேபின் நீலப் பென்சிலால் கோடு போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் காலையில், வேலைக்குப் போகுமுன், பல்லை அளக்கிற காலிப்பரால் அளப்பது என்று வைத்துக்கொண்டாள்.

முதல் வெள்ளி, ஒன்றுமில்லை. இரண்டாவது வெள்ளி, ஒன்றுமில்லை. மூன்றாவது வெள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

மறுபடி அளந்தாள். இரண்டேதான். உள்ளே வந்து, அடுப்பருகே நின்றிருந்த கணவரைப் பார்த்துச் சிரித்தாள். மாதக்கணக்கில் காணாத சிரிப்பு. அவர் சட்டென்று திரும்பிப் பாலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி நாலு. அதற்கடுத்து ஆறு. முற்றத்து அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டை மாட்டி, அளவைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். தபால்காரர் தினமும் நின்று படித்தார். "பல்லக்கா, என் முடி இந்த வேகத்துல வளர்ந்தாக்கூடப் போதும்" என்றார். நாத்தனார் அட்டையைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். "பத்து தாண்டினா கமிட்டி ஒத்துக்கும்" என்று சொன்னதிலிருந்து அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை வந்துவிட்டது என்றுதான் படுகிறது.

பிறகு ஒரு வாரம் முழுக்க ஆலங்கட்டி மழை. புல்கூட அசையவில்லை. தோட்டக்காரர் மெஷினையே இறக்காமல் திரும்பிப் போனார். அந்த வெள்ளியும் கோடு இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பல்லக்காவுக்கு நெஞ்சில் ஏதோ நெருடியது. பல்லில் மாட்டின மீன்முள் மாதிரி, நாக்கு அங்கேயே போனது.

அதற்கடுத்த வாரம் கோடு அசையவே இல்லை. அது வெயில் நன்றாக அடித்த வாரம். கணவருக்கு வார விடுமுறை வியாழக்கிழமை, அந்த வாரம் அது கிடைக்கவில்லை. வேறொரு டிரைவருக்குக் காய்ச்சல் என்று இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுவாரம் வியாழன் விடுமுறை உண்டு. வெள்ளிக்கிழமை கோடு ஒரேயடியாக நாலு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு. வழக்கம்போல அட்டையில் எழுதினாள், நாத்தனாரும் நோட்டில் குறித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மட்டையைப் பார்த்தாள். ஈரத் துணியால் துடைத்த தடம். அதற்குக் கீழே, துடைத்தும் முழுசாகப் போகாத பழைய நீலம். அதற்குக் கீழே இன்னொன்று. படிக்கட்டு மாதிரி இருந்தது.

உள்ளே போனாள். அவர் டியூட்டி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமைதான் என் மரம் வளருது" என்றாள்.

அவர் கை பொத்தானிலேயே நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து, நின்று, மறுபடி கிளம்பிப் போனது.

"எத்தனை தடவை?"

"அஞ்சு."

"ஏங்க?"

"முத தடவை... உனக்கு ஒரு நாள் நல்லாப் போகட்டும்னுதான். நீ சிரிச்சுட்ட. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"நான் சிரிக்கணும்னு உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

"இல்லை."

"ஊர் பூரா அட்டை மாட்டி வச்சிருக்கேன். பலகையில. கொட்டை எழுத்துல."

"உன் மரத்தைக் கொன்னவன் நான். வேற என்ன பண்ணச் சொல்ற?"

பல்லக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "செத்துடுச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள். குரல் உயரவில்லை. "அவங்கதான் சொல்றாங்க. நீங்களும் சொல்லாதீங்க. நீங்க பொய்க்கோடு போட்டதுகூட எனக்குப் பெரிசில்லை. போடும்போது உள்ள ஒண்ணுமில்லைன்னு முடிவு பண்ணிட்டுப் போட்டீங்களே, அதுதான் தாங்க முடியலை."

அவர் பொத்தானைப் போட்டு முடித்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ரெண்டு நாள்தானே இருக்கு. கூட்டம் முடியட்டும். அக்கா பன்னிரண்டுன்னு எழுதியாச்சு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

அன்று லேபில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு மேல்தாடைக்கு முன்பல் ஆறையும் நட்டுவிட்டுப் பார்த்தால் கோணலாக இருந்தது. பிடுங்கிவிட்டு மறுபடி நட்டாள். பன்னிரண்டு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடலாம், கோடை முழுக்கக் கிடைக்கும். இளசு மட்டையோ நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கோடை முடிவில் அதே கேள்வி திரும்ப வந்து நிற்கும். அப்போது மரத்தை மட்டுமில்லை, அவள் சொல்லையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மத்தியானம் லேபின் டெலிபோனில் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"கடைசி வழி ஒண்ணு இருக்கும்மா. சொல்லவே பயமா இருக்கு. மேலேர்ந்து தண்டையே அறுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. பழுப்பு போய் வெள்ளை தெரியற வரைக்கும். அந்த வெள்ளையோட நடுவுல உயிர் இருந்தா, ஒரு நாள்ல அதுவா மேல தள்ளிட்டு வரும். ஆனா ஒரு விரல் கூடப் போயிட்டாலும் உயிர் இருந்த இடத்தையே அறுத்த மாதிரி ஆயிடும். பாதிப் பேர் இதுலதான் கொல்றாங்க."

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதி மரம் ஏற்கெனவே செத்திருக்கும்."

அவள் டெலிபோனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள். சொத்தையைத் தோண்டிக்கொண்டே போய், நல்ல பல் தட்டுப்படும் இடத்தில் நிறுத்துவதுதான் டாக்டர் வேலை. அப்படி நிறுத்தின பற்களின் அச்சுகள் ஆயிரக்கணக்கில் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. எங்கே நிறுத்தினார்கள் என்பதை விரலால் தடவியே சொல்வாள். பிளாஸ்டர் அறுக்கிற மெல்லிய ரம்பத்தை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் கூடினார்கள். நாத்தனார் நோட்டோடு வந்தாள். தபால்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தானே உட்கார்ந்துகொண்டார். இரட்டைக் குழந்தைக்காரி ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்திருந்தாள். தோட்டக்காரரும் வந்திருந்தார். பாத்தி காலியானால் மரத்தைத் தோண்டுவது அவர் வேலை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்று நாத்தனார் வாசித்தாள். "பத்துக்கு மேல வந்துட்டதால..."

"அதை அடிச்சிடுங்க அண்ணி."

"எதை?"

"பன்னிரண்டை. கோடு பொய். மரம் ஒரு நூல்கூட ஏறலை."

இரட்டையில் ஒரு குழந்தை ஏதோ குழறியது.

"நீ தப்பா அளந்தியா?" என்றாள் நாத்தனார். அவளுக்கே நம்ப முடியவில்லை. "நீயா?"

"பொறுப்பு என்னுது. அடிச்சிடுங்க."

பின்னாலிருந்து கணவர் குரல் வந்தது. "நான்தான் அக்கா நகர்த்தினேன். துடைச்சுட்டு மேல போட்டேன். அஞ்சு தடவை."

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷம் ஓசிப் பயணிகளைப் பார்த்த பார்வை அது. "வெக்கமா இல்லை உனக்கு? இந்த வயசுல பென்சில் திருட்டு?"

"இருக்கு" என்றார் அவர்.

தபால்காரர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப தீர்ந்தது" என்று நாத்தனார் நோட்டைத் திருப்பினாள். "உயிருக்கு அத்தாட்சி இல்லை. விதி..."

"தீரலை" என்றாள் பல்லக்கா.

பையிலிருந்து துணியைப் பிரித்தாள். பெரிய ரம்பம் ஒன்று, மெல்லிய ரம்பம் ஒன்று, ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு. எல்லாவற்றையும் டாக்டர் தட்டு மாதிரி பாத்தியின் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

"நான் சொல்றதை எல்லாரும் கேளுங்க. இந்த மரம் செத்துடுச்சுன்னு சொன்ன ஒருத்தரும் இதுக்குள்ள பார்க்கலை. வெளியில நின்னே சொன்னீங்க. இங்க வராதுன்னு இவர் மெஷினைப் பார்த்துட்டே சொன்னார். எனக்கு ஊர் ஞாபகம்னு சொன்னீங்க, தனிமைன்னு சொன்னீங்க, ஒருத்தரும் எனக்குள்ளயும் பார்க்கலை. போகட்டும். இப்ப எல்லார் முன்னாடியும் திறந்து காட்டறேன். மேலேர்ந்து அறுத்துட்டே வருவேன். மண்ணு வரைக்கும் பழுப்பா இருந்தா இந்த மண்வெட்டியை நானே வாங்கி, நானே தோண்டிப் போடுவேன், கொட்டகைக்கு முதல் கல்லையும் நானே வைப்பேன். வெள்ளை தெரிஞ்சா எனக்கு ஒரே ஒரு நாள் வேணும். நாளைக்கு இதே நேரம் வந்து பாருங்க. உயிர் இருந்தா நடு தானா மேல எழும்பும். கோடு வேண்டாம், காலிப்பர் வேண்டாம். உங்க கண்ணு போதும்."

"அறுத்தாப் பனை செத்துடும்மா" என்றார் தோட்டக்காரர்.

"செத்ததுன்னுதானே மண்வெட்டியோட வந்தீங்க?"

அவர் ஒரு எட்டு விலகி நின்றார்.

பெரிய ரம்பத்தால் மேல் ஓலைகளைக் கொத்தாக அறுத்துச் சாய்த்தாள். கீழே நாலு ஓலை மட்டும் கைகளை விரித்த மாதிரி மிஞ்சியது. அறுத்த முகம் பழுப்பு. ஒரு விரல் கனத்துக்கு அடுத்த துண்டு. பழுப்பு. இன்னொன்று. விளிம்பில் மட்டும் லேசாக வெளுத்து, நடுவில் காப்பிக் கறை மாதிரி நின்றது. ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைத்தாள். கணவர் எதிரில் முழங்காலிட்டுத் தண்டை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை, அவராக வந்து பிடித்தார்.

"இன்னும் பழுப்புதான்" என்றாள் நாத்தனார்.

"எனக்கும் கண்ணு இருக்கு அண்ணி."

இங்கேதான் அவள் ரம்பத்தை மாற்றினாள். இதுவரை விரல் கனம், இனி ரூபாய்க் காசின் கனம். ஒரு வில்லை, இரண்டு வில்லை. கறை சுருங்கியது. பொத்தான் அளவானது, பிறகு உளுந்து அளவு. தண்டுக்குள் உயிர் எத்தனை விரலுக்குக் கீழே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வில்லையிலேயே அதைச் சீவிவிட்டிருக்கலாம். பல்லக்காவின் கை நின்றது. கட்டைவிரலால் அறுத்த முகத்தைத் தடவினாள். கறையின் மேல் விரல் வழுக்கியது. அதைச் சுற்றி வழுக்கவில்லை, பிடித்தது. வழுக்கினால் இன்னும் சொத்தை என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொரு வில்லை அறுத்தாள்.

வெள்ளை. பால்பல் நிறத்தில், ஓரம்முதல் ஓரம்வரை வெள்ளை. நடுவில் சுருட்டி வைத்த காகிதம் மாதிரி இளமஞ்சள் வட்டம் ஒன்று.

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் என்பதுபோலக் கைகளைத் துடைத்துக்கொண்டாள். தோட்டக்காரர் குனிந்து, தொப்பியைக் கழற்றி, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு நாள்" என்றாள் நாத்தனார் கடைசியில். "ஆனா இவனை நம்ப முடியாது." வீட்டுக்குள் போய் ஓட்டை ஓட்டையான ஒரு காய்கறிக் கூடையைக் கொண்டுவந்தாள். அதை அறுத்த தண்டின் தலையில் கவிழ்த்து, நாலு பக்கமும் காகிதப் பட்டை ஒட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டாள். தம்பியைப் பார்த்து, "நீ தொட்டது தெரிஞ்சது, போலீஸ்தான்" என்றாள்.

"மூச்சுவிட வழி இருக்கா பாரு" என்றார் அவர் மனைவியிடம், மெதுவாக. அன்று முதல் தடவையாகப் பல்லக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மறுநாள் பல்லக்கா லேபுக்கு விடுப்புச் சொன்னாள். அதே பத்து மணி. தபால்காரர் பையோடு, வேலைக்கு நடுவில் ஓடி வந்தார். நாத்தனார் முதலில் காகிதப் பட்டைகளைச் சரிபார்த்தாள், நாலு கையெழுத்தும் கிழியாமல் இருந்தன. கூடையைத் தூக்கினாள்.

அறுத்த முகம் காய்ந்து மங்கியிருந்தது. நடுவிலிருந்த வட்டம் மட்டும் ஒரு நகக்கண் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஈரமாக, மஞ்சளாக, முளைக்கிற பல் ஈறைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. நாத்தனார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றாள் பல்லக்கா.

நாத்தனார் விரலை இழுத்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து, முந்தின நாள் பக்கத்தில் பன்னிரண்டைக் குறுக்கே கோடு இழுத்து அடித்து, கீழே ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று பல்லக்கா எட்டிப் பார்க்கவில்லை. வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் முதலில் வந்த ஓலை நுனியில்லாமல் மொட்டையாக வந்தது, நாவிதர் பாதியில் விட்டுப்போன தலை மாதிரி. நாலாவது ஓலையில்தான் முழு விசிறி கிடைத்தது. குப்பைக் கொட்டகையை நாத்தனார் தன் பாத்தியிலேயே போட்டாள், இரட்டைக் குழந்தைக்காரி சன்னலைத் திறக்க முடிந்தது. தபால்காரர் வேறு பேட்டைக்கு மாற்றலாகிப் போனார். தோட்டக்காரர் முழங்கால் வலியால் வேலையை விட்டார். அவர் மகள் வீட்டுப் பின்புறத்தில் அதே சாதிப் பனை ஒன்று நிற்பதாகக் கேள்வி. நாத்தனார் ஏழு வருஷம் கழித்து இதயக்கோளாறில் இறந்தாள், நோட்டுகள் தம்பியிடம் வந்தன. டிரைவர் ஓய்வு பெற்றார். பல்லக்கா கண் மங்கியதும் லேபை விட்டாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் புதிதாக வந்தவர்களின் வேலையைச் சரிபார்க்கப் போகிறாள். மரம் பதினோரு குளிர்காலம் தாண்டி, இப்போது முதல் மாடிச் சன்னல் உயரம் இருக்கிறது.